மண்ணுக்குள் கிடந்த தோசைக்கல்: துரு நீக்கிப் பழக்கும் முறை

மீள்குடியேறிய காணிகளைத் துப்புரவாக்கும்போது கிடைக்கும் பொருட்களில் இரும்புத் தோசைக்கல்லும் தாச்சியும் அடிக்கடி வருகின்றன. அலுமினியப் பானை நசுங்கிக் கிழிந்திருக்கும். பித்தளையும் செம்பும் எப்போதோ எவரோ எடுத்துப் போயிருப்பார்கள். வார்ப்பிரும்புக் கல் மட்டும் செம்மண் நிறத்தில், மண்ணோடு மண்ணாக, கிடந்த இடத்திலேயே கிடக்கும். 2009இற்குப் பின் வன்னியில் பழைய இரும்பு வாங்க வந்த லொறிகளில் இப்படி எத்தனையோ கற்கள் கிலோக் கணக்கில் ஏறிப்போயின. துரு ஏறியது இனி உதவாது என்று நினைத்தே பலர் கொடுத்தார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை ஒரு பகல் வேலையில் மீண்டும் அடுப்பில் ஏறக்கூடியவை.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கல் இருக்கிறது. அம்மம்மா 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தில் இருந்து தென்மராட்சிக்குத் தூக்கி வந்து, பின்னர் கிளாலிக் கடலால் வன்னிக்குக் கொண்டுபோனது. அலுமினியப் பானைகளை விட்டுவிட்டு இந்தப் பாரத்தை ஏன் தூக்கினார் என்று அப்போதே வீட்டில் சண்டை நடந்ததாம். 2009 ஜனவரியில் வன்னி வீட்டை விட்டுக் கிழக்கு நோக்கி வெளிக்கிட்டபோது, கல்லை உரப்பையில் சுற்றிக் கோடிப்புறத்தில் ஒரு கிடங்கு வெட்டிப் புதைத்தார். 2010இல் நாங்கள் திரும்பினோம். அம்மம்மா வரவில்லை. பை உக்கி, கல்லின் கரையில் ஒரு துண்டு உடைந்து, தொட்டால் கையில் சிவப்புத் தூள் ஒட்டியது. அம்மா அதை எறியவுமில்லை, பாவிக்கவுமில்லை. பன்னிரண்டு வருடம் அது கோழிக்கூட்டின் கதவுக்கு முட்டாக நின்றது.

2022இல் காஸ் இல்லாமல் போனது. மண்ணெண்ணெயும் இல்லை. வீட்டில் இருந்த ஒட்டாத தாச்சியை விறகடுப்பில் வைத்தோம், முதல் நாளே கைபிடி உருகியது. அப்போதுதான் கோழிக்கூட்டடிக் கல் ஞாபகம் வந்தது. அதைச் சரிசெய்யப் பட்ட பாட்டில் கற்றதையும், கிளிநொச்சிப் பக்கம் தோசைக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா திருத்திச் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியவை

கல்லுக்குப் போகமுன் ஒரு விடயம். விடுவிக்கப்பட்ட காணியில், அல்லது நீண்ட காலம் பாழடைந்து கிடந்த கிணற்றில் இரும்பாக ஏதாவது தென்பட்டால், அது தோசைக்கல்தான் என்று தெரியும்வரை அலவாங்கால் கிளப்ப வேண்டாம். மண் இறுகிய துருக்கட்டி எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். சுத்தியலால் தட்டி மண் உதிர்த்துப் பார்ப்பது அதைவிட மோசம். சந்தேகம் என்றால் அந்த இடத்தில் தடி நட்டு அடையாளம் வைத்து, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களுக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். ஒரு கல்லுக்காக எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல அது. இதேபோல, வெடிபொருள் கோதுகளில் இருந்து வெட்டி எடுத்த தகட்டில் சமையல் பாத்திரம் செய்வதும் கூடாது. அதில் என்ன பூச்சு இருந்தது, என்ன ஊறியது என்று எவருக்கும் தெரியாது.

கல் கையில் வந்த பிறகு, அதில் முன்பு என்ன செய்தார்கள் என்று விசாரியுங்கள். கரையோரக் கிராமங்களில் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கப் பழைய தாச்சிகளைப் பாவிப்பது வழக்கம். பழைய பற்றரி ஈயம் உருக்கியவர்களும் உண்டு. அப்படி ஒரு தாச்சி என்றால் அதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. வார்ப்பிரும்பின் சொரசொரப்பான முகத்தில் ஈயம் புகுந்துவிட்டால் தேய்த்தோ எரித்தோ முற்றாகப் போக்க வீட்டில் வழியில்லை. எரித்தால் புகையும் நஞ்சு. கத்தி முனையால் சுரண்டினால் மெதுவாகக் கீறுப்பட்டு வெள்ளிபோல மினுங்கும் சாம்பல் நிறப் பொட்டுகள் ஈயத்தின் அடையாளம். பொட்டு இல்லை என்பதால் ஈயம் இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆகவே கல்லின் பழைய கதை தெரியாவிட்டால், அதுவும் சிறுபிள்ளைகள் இருக்கும் வீடு என்றால், அதைப் பூந்தொட்டிக்குக் கீழே வைப்பதே நல்லது. எங்கள் கல்லைப் பொறுத்தவரை தோசையைத் தவிர வேறெதையும் அது கண்டதில்லை என்று அம்மா சத்தியம் செய்தார்.

அடுத்தது வெடிப்பு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். அதில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்குவரை காபன் இருக்கிறது. அதில் ஒரு பகுதி பென்சிற் கரியைப்போலத் தட்டுத்தட்டாக இரும்புக்குள் படிந்து கிடப்பதால்தான் இந்த உடையும் குணம். கல்லை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு அகப்பைக் காம்பால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் மணிபோலக் கொஞ்ச நேரம் ஒலிக்கும். வெடித்த கல் “டொக்” என்று அடங்கும். கரையில் ஒரு துண்டு போயிருந்தால் பாதகமில்லை. நடுவை நோக்கி ஓடும் மயிர் வெடிப்பு இருந்தால், சூடேறும்போது ஒருநாள் இரண்டாகப் பிளக்கும்.

உப்பு மண்ணிலோ களப்போரத்திலோ பல வருடம் கிடந்த கல்லுக்கு இன்னொரு சோதனை வேண்டும். அப்படியான இடத்தில் வார்ப்பிரும்பின் இரும்பு மெல்ல மெல்லக் கரைந்துபோய், காபன் மட்டும் பழைய வடிவத்திலேயே மிஞ்சி நிற்பதுண்டு. பார்வைக்குக் கல் முழுசாக இருக்கும். கத்தியால் கீறினால் பென்சிலைச் சீவுவதுபோல மெதுவாகக் கறுப்பாக வரும், தூக்கினால் பாரமும் குறைந்திருக்கும். அது போனதுதான். கத்தி வழுக்கி, உள்ளே சாம்பல் நிற உலோகம் மினுங்கினால் வேலையைத் தொடங்கலாம். மேற்பரப்பில் அங்கங்கே அம்மைத் தழும்புபோலக் குழி இருப்பது பிரச்சினை இல்லை. பழகப் பழக எண்ணெய்ப்படை அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரவும்.

சந்தையில் வாங்கும் மெல்லிய தாச்சிகள் பல வார்ப்பு அல்ல, தகட்டிரும்பு. அவை உடையாது, நெளியும். கீழே சொல்லும் முறை அவற்றுக்கும் பொருந்தும். மெல்லியது என்பதால் நெருப்பு மட்டும் குறைவாக வேண்டும்.

துரு எடுத்தல்

வெளியே, காற்றோட்டமான இடத்தில், மூக்குக்குச் சீலை கட்டிக்கொண்டு இருங்கள். முதலில் ஈரம் படாமல் காய்ந்தபடியே சுரண்ட வேண்டும். பழைய தட்டகப்பையின் விளிம்பு, உடைந்த சிரட்டை, கம்பிப் பிரஷ், எது கிடைத்தாலும் சரி. பெரிய செதில்கள் போன பிறகு செங்கட்டித் தூளையும் பொச்சையும் வைத்து வட்டமாகத் தேய்க்கலாம். எங்கள் ஊரில் முன்பு எல்லாப் பாத்திரத்துக்கும் அதுதான். பானை தேய்க்கும் கம்பிச் சுருள் இருந்தால் வேலை சுருக்கம். ஒரு கை இல்லாதவர்கள், தோளில் பலம் குறைந்தவர்கள் கல்லை ஈரச் சாக்கின் மேல் வைத்து, அல்லது இரண்டு செங்கட்டிகளுக்கு நடுவே இறுக்கி வைத்துத் தேய்த்தால் கல் வழுக்கி ஓடாது. எங்கள் கல்லில் பாதியைத் தேய்த்தவர் இடது கையில் விரல்கள் இல்லாத என்னுடைய சித்தப்பா. சாக்கு யோசனை அவருடையது.

சுரண்டிப் போகாத துருவுக்குப் புளிப்பு வேண்டும். கடையில் வாங்கும் வினாகிரியுடன் அதே அளவு தண்ணீர் கலந்து, கல் மூழ்கும்படி ஒரு பிளாஸ்ரிக் பேசினில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். புளிப்புக்குத் துரு எது, இரும்பு எது என்று தெரியாது. துரு முடிந்ததும் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். இரவு முழுக்க ஊறவிட்டு விடிய எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் விட்டோம், கல்லின் முகம் மணற்தாள்போலச் சொரசொரத்தது. வினாகிரிக்குப் பதிலாகப் பழப்புளியைத் தடிப்பாகக் கரைத்துப் பூசலாம். வேகம் குறைவு, ஆனால் கெடுதலும் குறைவு. சோறு வடித்த கஞ்சியை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு அதில் கல்லை ஊறவைக்கும் பழைய வழக்கமும் இதே காரணத்தால்தான் வேலை செய்கிறது. புளித்த கஞ்சியில் மெல்லிய அமிலம் உண்டு. லேசான துருவுக்கு அது போதும். எங்களுடையதைப்போல வருடக்கணக்கில் கிடந்ததற்குப் போதாது.

கல்லின் அடிப்பக்கத்தில் துருவோடு சேர்த்துப் பழைய எண்ணெய் கருகித் தார்போல இறுகியிருந்தால், அதற்குப் புளிப்பு உதவாது. காரம் வேண்டும். விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு எடுக்கும் நீர் நல்ல காரம். கையில் வழுவழுப்பாகத் தெரிவது அதனால்தான். அதில் ஓர் இரவு ஊறவைத்தால் கரிப்படை இளகிக் கொடுக்கும். தோல் எரியும் என்பதால் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொள்ளுங்கள். கோஸ்டிக் சோடா இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் கண்ணையும் கையையும் பறிக்கக்கூடிய சாமான். பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

“நெருப்பிலை போட்டு எரிச்சு எடு, எல்லாம் போயிடும்” என்று சொல்வோர் உண்டு. எரித்தால் கரி போகும் என்பது உண்மை. ஆனால் கல் செந்தணல் நிறத்துக்குச் சூடேறினால் தகடு முறுகலாம், வெடிக்கலாம், முகத்தில் எண்ணெய் பிடிக்காத ஒரு செம்படையும் வரலாம். அந்தப் படையைத் தேய்த்தெடுப்பது துருவை எடுப்பதைவிடக் கஷ்டம். குப்பை எரிக்கும் நெருப்பில் போடுவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும், அதில் பிளாஸ்ரிக்கும் எரிகிறது.

சாம்பல் நிறம் கண்டதும், அப்பச்சோடா ஒரு கரண்டி கலந்த தண்ணீரால் கழுவினால் மிச்சப் புளிப்பு முறியும். பிறகு சவர்க்காரம் போட்டு ஒரு தடவை. கடைசியாக அலசும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவுக் கரையிலும் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரில் உள்ள உப்பு இரும்பிலேயே தங்கி, துருவைத் திரும்பக் கூப்பிடும். கடற்கரை மண்ணில் கிடந்த கல்லில் இது இன்னும் மோசம். எவ்வளவு தேய்த்தாலும் மறுநாள் காலையில் பொட்டுப்பொட்டாகச் சிவக்கும். அப்படியானால் கல்லைப் பெரிய பானையில் நல்ல தண்ணீரும் அப்பச்சோடாவும் விட்டு ஒரு மணித்தியாலம் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி மீண்டும் கொதிக்கவையுங்கள். இரண்டு மூன்று தடவையில் உள்ளே ஊறிய உப்பு இறங்கும்.

கழுவியதும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். வெறும் இரும்பு ஈரத்தோடு காற்றில் நின்றால் கண்முன்னே மஞ்சள் படரும். சீலையால் துடைத்து உடனே அடுப்பில் வைத்துப் பத்து நிமிடம் காய வையுங்கள்.

பழக்குதல்

கல்லைப் பழக்குவது என்றால் என்ன? எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசிக் கடும் சூட்டில் வைத்தால், அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, துளிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இரும்பைப் பற்றிப் பிடிக்கும் ஒரு கடினமான தோலாக மாறுகிறது. அந்தத் தோல்தான் கறுப்பு. அதுதான் துருவையும் தடுக்கிறது, தோசை ஒட்டாமலும் பார்க்கிறது. எல்லா எண்ணெயும் இப்படித் தோலாக மாறுவதில்லை. இங்குதான் எங்கள் வீடுகளில் அதிகம் பிழைக்கிறது. கையில் இருப்பது தேங்காயெண்ணெய் என்பதால் அதையே பூசுகிறோம். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய நூற்றுக்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அந்தக் கொழுப்பு இப்படிப் பின்னிக்கொள்ளாது. கல் மினுங்கும், இரண்டு தோசையோடு மினுக்கம் போய்விடும், சில நாளில் காறல் மணமும் வரும். நல்லெண்ணெயில் பெரும்பங்கு நிறைவுறாத கொழுப்பு. ஆகவே அம்மம்மாமார் தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய்ச் சீலை வைத்திருந்தது சும்மா இல்லை. நல்லெண்ணெய் விலை கட்டாது என்றால் சூரியகாந்தி அல்லது சோயா எண்ணெய் பாவிக்கலாம். பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெயில் உப்பும் மாத்தூளும் இருக்கும், வேண்டாம்.

தோசைக்கடை அக்கா எங்கள் கல்லைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு எண்ணெய் விட்டனீங்கள் என்பது. ஒரு மேசைக்கரண்டி என்றேன். சிரித்தார்.

“பிள்ளை, கல்லுக்கு எண்ணெய் குடுக்கிறதெண்டால் ஊத்திறதில்லை. பூசிப்போட்டு, ஐயோ பிழையாய்ப் பூசிட்டன் எண்டு நினைச்சுத் துடைக்கிறது. துடைச்ச பிறகும் மிஞ்சுது பார், அதுதான் அதுக்குக் காணும்.”

நானும் பிறகு பல இடங்களில் பார்த்துவிட்டேன், இதைவிடச் சரியாக எவரும் சொல்லவில்லை. எண்ணெய் தடித்தால் தோலாகாமல் பிசினாகும். தொட்டால் கை ஒட்டும்.

செய்முறை இப்படி. காய்ந்த கல்லைக் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி இறக்குங்கள். பருத்திச் சீலைத் துண்டில் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் நனைத்து முகம், முதுகு, கரை, கைபிடி எல்லாம் தேயுங்கள். முதுகை விட்டுவிட்டால் அங்கிருந்துதான் துரு திரும்பத் தொடங்கும். பிறகு வேறொரு காய்ந்த சீலையால் அழுத்தித் துடையுங்கள். ஈர மினுக்கம் தெரியக்கூடாது. நைலோன் கலந்த துணி உருகி ஒட்டும், பழைய பருத்திச் சாரம் நல்லது.

இப்போது விறகடுப்பு. சுவாலை வேண்டாம், தணல் வேண்டும். சிரட்டைக் கரியும் ஊமல் கரியும் சீராக நின்று எரிவதால் இதற்குப் பொருத்தம். கல்லைத் தணலின் மேல் வைத்துப் பொறுமையாகச் சூடேற்றுங்கள். சூடு காணுமா என்று அறிய வெப்பமானி தேவையில்லை. எண்ணெய் பூசமுன், காய்ந்த கல்லில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கொதித்துச் சீறிப் போனால் சூடு காணாது. துளி உருண்டையாகி முகத்தில் ஓடித் திரிந்தால் 200 பாகை செல்சியசை அண்டிவிட்டது. எண்ணெய் பூசிய கல் அந்த நிலையில் லேசாகப் புகையத் தொடங்கும். புகை நிற்கும்வரை வைத்திருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் செல்லும். நடுப்பகுதி மட்டும் கறுத்துக் கரை வெளிறிக் கிடந்தால் கல்லைச் சுற்றித் திருப்பி வையுங்கள். புகை முடிந்ததும் இறக்கித் தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால், இவ்வளவு காலம் மண்ணுக்குள் உடையாமல் கிடந்த கல் உங்கள் கண்முன்னே வெடிக்கும்.

ஒரு தடவையில் கறுக்காது. முதலில் மண்ணிறம், பிறகு செம்மண்ணிறம், பிறகு காப்பிக்கொட்டை நிறம். நாங்கள் ஆறு தடவை செய்தோம், இரண்டு நாளில். நான்கு தடவையோடு சமைக்கத் தொடங்கலாம். மிச்சத்தைச் சமையலே செய்துவிடும்.

குசினிக்குள் புகை அடைக்கும் என்பதால் இதை முற்றத்து அடுப்பில் செய்வது நல்லது. காஸ் அடுப்பில் செய்வோர் யன்னலைத் திறந்து வைத்து, சிறு நெருப்பில் தொடங்கிக் கூட்டுங்கள். பெரிய கல்லைச் சிறிய பேணரில் ஒரே இடத்தில் கடுமையாகச் சூடாக்குவதும் வெடிப்புக்கு ஒரு காரணம். வெளிநாட்டில் உள்ள உறவுகள் கைபிடி வைத்த வார்ப்பிரும்புத் தாச்சியைத்தான் அதிகம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை இன்னும் இலகு. அதேபோல மெல்லிதாகப் பூசித் துடைத்து, போறணைக்குள் கவிழ்த்து வைத்து, 230 பாகையில் ஒரு மணித்தியாலம். அதற்குள்ளேயே ஆறவிட வேண்டும். புகை அறிவிப்பான் கத்தும், முன்கூட்டியே கதவு யன்னலைத் திறந்து வையுங்கள்.

முதல் சமையல்

பழக்கிய அன்றே தோசை வார்த்தால் ஒட்டும். எங்களுக்கும் ஒட்டியது. முதலில் தேங்காய்ப்பூவையோ நறுக்கிய வெங்காயத்தையோ கொஞ்ச எண்ணெயில் கருகும்வரை வறுத்துக் கொட்டிவிடுங்கள். முகத்தில் மிஞ்சிய இரும்பு மணம் அதோடு போகும். தாச்சி என்றால் இரண்டு மூன்று தடவை வடையோ மிளகாயோ பொரித்தெடுக்கலாம். பொரிக்கும் எண்ணெயே கல்லைப் பழக்கும். அதன் பிறகு முதலில் தடித்த தோசை, பிறகு மெல்லியது. எங்கள் ஊர்த் தோசைமாவில் உழுந்தோடு கோதுமை மா சேர்வதால் அது கொஞ்சம் பசைத்தன்மை கூடியது. மாவு விடமுன் கல் நன்றாகச் சூடாக வேண்டும். நல்லெண்ணெய்ச் சீலையால் ஒரு துடைப்பு, கொஞ்சம் தண்ணீர் தெளிப்பு, பிறகு மா. அடி வெந்து தானாகக் கிளம்பமுன் தட்டகப்பையை நுழைத்தால் எந்தக் கல்லிலும் கிழியும்.

பழப்புளி, தக்காளி, தேசிக்காய் சேரும் கறிகளை முதல் இரண்டு மாதம் இதில் வைக்க வேண்டாம். துருவைத் தின்ற அதே புளிப்பு புதுத் தோலையும் தின்னும், கறியும் கறுக்கும். இதில் ஒரு முரண் இருக்கிறது. இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கொஞ்சம் கூடும் என்பது உண்மை. அது அதிகம் கூடுவது புளிப்பான, தண்ணீர்த்தன்மையான கறிகளில்தான், தோசையில் குறைவு. ஆகவே குருதிச்சோகை உள்ள பெண்கள் தோசைக்கல்லை நம்பிக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தக்கூடாது. தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு உடம்பில் இரும்பு கூடுவதே ஆபத்து என்பதால், அந்த வீடுகளில் இரும்புத் தாச்சி பற்றி வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைத்திருக்கும் முறை

சமைத்து முடிந்ததும் கல் இளஞ்சூடாக இருக்கும்போது வெந்நீரும் பொச்சும் போதும். ஒட்டியது போகாவிட்டால் உப்புக்கல்லைப் போட்டுத் தேய்க்கலாம். சவர்க்காரம் பட்டால் கல் செத்துப்போகும் என்று பயப்படத் தேவையில்லை, நன்றாகப் பழகிய தோல் கொஞ்சச் சவர்க்காரத்துக்கு அசையாது. தண்ணீரில் ஊறவிடுவதுதான் கூடாது. கழுவியதும் அடுப்பின் மிச்சச் சூட்டில் காயவைத்து, எண்ணெய்ச் சீலையால் ஒரு துடைப்பு. அந்தச் சீலையையும் வாரக்கணக்கில் வைத்திருந்தால் காறல் பிடிக்கும், மாற்றுங்கள்.

ஒக்டோபரில் இருந்து டிசம்பர்வரை மாரி காலத்தில் தகரக் கொட்டில்களில் சுவரே வியர்க்கும். அப்போது கல்லை நிலத்திலோ சீமெந்துக் கட்டிலோ வைக்காமல் அடுப்புக்கு மேலே கொழுவிவிடுவது நல்லது. சூடும் புகையும் ஈரத்தை அண்டவிடாது. இன்னொரு இடத்துக்குப் போய்ச் சில மாதம் கழித்து வருபவர்கள் மெல்லிதாக எண்ணெய் பூசி, புதினத்தாளில் சுற்றி, காற்றுப் போகும் சாக்கில் வைக்க வேண்டும். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். அம்மம்மாவின் உரப்பையும் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. அவருக்கு அப்போது வேறென்ன கையில் இருந்தது.

இடையில் எங்காவது துரு திரும்பினால் முழுதாகத் தொடக்கத்துக்குப் போகத் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் தேய்த்து, காயவைத்து, இரண்டு தடவை எண்ணெய் கொடுத்தால் போதும். பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய் கூடிவிட்டது. புதிதாக எதுவும் பூசாமல் வெறுங்கல்லாக இன்னும் அரை மணித்தியாலம் தணலில் வையுங்கள். தோல் செதில்செதிலாக உரிந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டிவிட்டு மறுபடி பழக்க வேண்டியதுதான்.

எங்கள் கல்லின் உடைந்த கரையை என்ன செய்யலாம் என்று ஒட்டுவேலை செய்யும் ஒருவரிடம் கேட்டோம். வார்ப்பிரும்பை ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே வேறிடம் வெடிக்கக்கூடும், விடுங்கள் என்றார். கூர் மட்டும் கையைக் கிழிக்காதபடி அரத்தால் மழுக்கினோம். இப்போது தோசை திருப்பும்போது அம்மா தட்டகப்பையை அந்த உடைவுப் பக்கத்தால்தான் விடுகிறார். மற்றக் கரைகளைவிட அங்கே லேசாக இறங்குகிறது.